குவைத் பக்கத்தில் வந்த வருஷம்

திருச்சிக்கும் குவைத்துக்கும் நடுவில் இருந்த தூரம் குறைய ஆரம்பித்ததை முதலில் காட்டிக்கொடுத்தவை சாப்பாட்டுத் தட்டுகள்தான். வழக்கமாக விமானம் மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் சோறும் கோழிக் குழம்பும் வைத்த தட்டுகளைக் கொடுப்பார்கள், தின்று முடித்ததும் வாங்கி அடுக்குவார்கள், பிறகு டீ, பிறகு விளக்கை அணைத்து எல்லோரையும் தூங்கப் போடுவார்கள், தூங்கியவர்கள் எழுந்து கழிவறைக்கு வரிசை கட்டி நின்று அலுத்த பிறகுதான் கீழே மணல் தெரியும். ஐந்து மணி நேரம், நாலாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள், தட்டுகளைத் திரும்ப வாங்குவதற்குள் மணல் தெரிந்துவிட்டது. கோழிக் காலைக் கையில் பிடித்தபடியே ஜனங்கள் இறங்கினார்கள். பின்னால் இருந்து காற்று தள்ளியிருக்கும் என்று விமானி சொன்னார். எங்கள் ஊர் செம்பட்டில் அப்போது மாசிக் காற்று பலமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது, அதனால் நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

அடுத்தடுத்த வாரங்களில் காற்றைச் சாக்குச் சொல்ல முடியாமல் போனது. சோற்றுத் தட்டுக்குப் பதில் பன் கொடுத்தார்கள், பன்னுக்குப் பதில் ஒரு மிட்டாய் கொடுத்தார்கள், அந்த மிட்டாய் வாயில் கரைவதற்குள் குவைத் வந்தது. இடுப்புப் பட்டையை எப்படிப் போடுவது என்று காட்டுகிற பெண் இரண்டு கையையும் தூக்கி நிற்கும்போதே கதவு திறந்தது, அவள் தூக்கிய கையோடேயே எல்லோருக்கும் வணக்கம் சொல்லி அனுப்பினாள். சித்திரை பிறந்தபோது விமானம் மேலே ஏற வேண்டிய அவசியமே இல்லை. தரையில் ஓடிக்கொண்டே போனால் நம் ஓடுபாதை முடிகிற இடத்தில் அவர்களுடைய ஓடுபாதை ஆரம்பித்தது. ஓடுகிற தூரத்துக்கு எதற்கு விமானம் என்று கேட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் நடந்து போனவன் ஆட்டோ ஓட்டும் பாலையா. போனவன் ஒரு ஈச்சங்குலையோடு திரும்பி வந்து, "சுப்பிரமணியபுரம் மார்க்கெட்ட விடக் கிட்ட இருக்கு" என்றான்.

செம்பட்டு என்பது விமான நிலையத்துச் சுவரை ஒட்டிக்கொண்டு புதுக்கோட்டை சாலையில் கிடக்கும் ஊர். தலைக்கு மேலே விமானம் போகும்போது பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம், அதனால் இந்தச் சங்கதியும் எங்களைப் பெரிதாக அசைத்துவிடவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், கடைசியில் சுவரில் ஒரு வழி விட்டு, வேப்பமரத்தடியில் இந்த நாட்டு மேஜை ஒன்றும் அந்த நாட்டு மேஜை ஒன்றும் போட்டார்கள். இரண்டு மேஜையும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன, இரண்டு முத்திரைக்கும் மை தடவ ஒரே மைப்பெட்டி போதுமாக இருந்தது. சட்டிபானையில் மணல் விழுந்தது, அரிசி களைகிறவர்கள் இரண்டு தண்ணி கூடுதலாகக் களைந்தார்கள். வத்தல் போடுகிற பொம்பளைகள் மாவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பிழிந்துவிட்டு, அங்கே உட்கார்ந்து ஊர்ப்பேச்சு பேசி முடிப்பதற்குள் காய்ந்த வத்தலை அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒட்டகம் ஒன்று வந்து தேர்தல் சுவரொட்டிகளை வரிசையாகத் தின்றது, எந்தக் கட்சியும் ஆட்சேபிக்கவில்லை. அங்கே கடிகாரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பது தெரிந்ததும், இங்கே முகூர்த்தத்தைத் தவறவிட்ட ஒரு வீட்டார் மாப்பிள்ளை பெண்ணோடு அந்தப் பக்கம் போய், அதே முகூர்த்தம் அங்கே வரும்வரை நிழலில் காத்திருந்து தாலி கட்டிவிட்டு வந்தார்கள்.

புருஷன்மார்கள் வீட்டுக்கு வந்தார்கள். இதைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அத்தர் வாசனையும் போர்வைச் சுருளுமாக, ஊரே பார்க்க வேனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள், இப்போது வேலை முடிந்ததும் சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாயங்காலம் நடந்து வந்தார்கள். முதல் வாரம் செம்பட்டில் கறிக்குழம்பு வாசனை அடங்கவேயில்லை. இரண்டாவது வாரம் மீன். அதற்கப்புறம் சிந்தாமணி, அவள் புருஷன் இருதயராஜ் குவைத்தில் குளிர்பெட்டி ரிப்பேர் பார்க்கிறவன், தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"தெனம் வந்து உக்காந்துக்கிட்டு, ஃபேன் எதுக்கு ஓடுது, லைட்டு எதுக்கு எரியுது, ரசத்துல புளி எதுக்கு இம்புட்டுன்னு ஒரே கணக்கு வழக்கு. பதினோரு வருஷமா இந்த மனுசன நெனச்சுக்கிட்டா நான் அழுதேன்?"

"ஒனக்காவது புளி. எங்க வீட்டுல டிவி ரிமோட்டு போச்சு" என்றாள் இன்னொருத்தி.

சிரித்தோம். ஆனாலும் அந்த வருஷத்தில் நின்றுபோன ஒன்றை எல்லோரும் கவனித்தோம். விமான நிலைய வாசலில் அழுகை நின்றுவிட்டது. முன்பெல்லாம் ஒருவன் போக, பதினைந்து பேர் வேன் பிடித்து வந்து, கம்பிக்கு வெளியே நின்று, அவன் உள்ளே போய்க் கண்ணுக்கு மறைகிறவரை மூக்கைச் சிந்தி நிற்பார்கள். இப்போது, "வரட்டா?" என்று வாசலில் நின்று கேட்கிறவனிடம் அடுப்படியிலிருந்து, "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்ற பதில்தான் வந்தது.

அழுகை நின்றதும் பிலோமியின் கடை வியாபாரமும் நின்றது. பிலோமினா, விமான நிலைய வாசலுக்கு எதிரே பெட்டி கட்டிக் கொடுக்கிறவள். ஊறுகாயும் முறுக்கும் கருவாடும் அடைத்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால், காலால் அணைத்துப் பிடித்து, மஞ்சள் பிளாஸ்டிக் கயிற்றை நீளவாக்கிலும் குறுக்கிலும் ஓட்டி, இறுக்கி முடிந்து, மிச்ச நுனியைத் தீக்குச்சியால் சுட்டு, உருகி நிற்கும் அந்தச் சொட்டைப் பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்துவாள். கயிறு பிரியவே பிரியாது. சுட்டுச் சுட்டு மரத்துப்போன விரல். அடுத்த தெருவுக்குப் போகிற மாதிரிப் போகிறவர்களுக்குப் பெட்டி எதற்கு? தூக்குவாளியில் கொண்டுபோனார்கள். பிலோமி தினமும் கடையைத் திறந்து, கயிற்று உருண்டைகளைத் துடைத்து வைத்து, வேப்பமரத்தடி மேஜைகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த வழியாக அவள் புருஷன் சவரிநாதன் மட்டும் வரவில்லை.

சவரி குவைத்துக்குப் போய்ப் பல வருஷம். கடைசியாக லீவில் வந்துபோனதே நாலு வருஷத்துக்கு முன்னால். வந்தபோதெல்லாம் வெள்ளைச் சட்டையும் தங்கக் கம்பிக் கண்ணாடியுமாகக் கோயில் பூசைக்குப் போவார், "ஆபீஸ் வேல, முழுக்க ஏ.சி." என்பார், பிலோமி பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வாள். மற்றபடி வெள்ளிக்கிழமை தவறாமல் ஜைனு பாயின் தொலைபேசிக் கடைக்கு அவர் கூப்பிடுவார், கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிற காலம் அப்போது வந்திருக்கவில்லை. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், நீங்க, எனக்கென்ன நல்லா இருக்கேன். அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லாத வீட்டில் விசாரிக்க வேறு ஆள் கிடையாது. குவைத் கிட்டே வந்த பிறகும் அவர் வெள்ளிக்கிழமை கூப்பிட்டார், அதையேதான் பேசினார்கள்.

"ஏண்டி, நாலு எட்டு நடந்தா ஆளு இருக்காரு, இன்னும் போனுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறியே, நீயே போய்ப் பாத்துட்டு வாயேன்" என்றாள் சிந்தாமணி.

"போனது அவரு. வர வேண்டியதும் அவருதான்."

"ரோசத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

"ரோசம் இல்ல சிந்தாமணி." பிலோமி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள். "அம்புட்டு தூரத்துல இருந்தப்ப அவரு வரலன்னா தூரம்னு சொல்லிக்கிட்டேன். கோயில்ல கேட்டாங்க, தூரம்னேன். எங்கம்மா சாவுக்கு வரல, தூரம்னேன். எனக்கு நானே கூட அதத்தான் சொல்லிக்கிட்டேன். இப்ப வரலன்னா என்னன்னு சொல்றது?"

அதற்கான பதில் எங்களிடம் இருந்தது. சொல்லத்தான் இல்லை.

சவரிநாதன் ஆபீஸில் இல்லை. குவைத் விமான நிலையத்திலேயே, வந்து இறங்குகிறவர்கள் வெளியே வருகிற கூடத்தில், ஜனங்கள் ஆங்காங்கே விட்டுப் போகும் தள்ளுவண்டிகளைப் பொறுக்கி, ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி, மரவட்டை மாதிரி நீண்ட வரிசையாக்கித் தள்ளிக்கொண்டு போகிற வேலை. முழுக்க ஏ.சி. என்று அவர் சொன்னது உண்மைதான். எங்களில் குவைத் போய்வந்த ஒவ்வொருவரும் அவரைப் பார்த்திருக்கிறோம், நீலச் சீருடையில், தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார், நாங்களும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். இந்தப் பக்கத்துச் சாவையும் நோவையும் அங்கே இருக்கிறவனிடம் சொல்லக் கூடாது, பாவம், தனியாகக் கிடந்து என்ன செய்வான். அந்தப் பக்கம் கண்டதை இங்கே இருக்கிறவளிடம் சொல்லக் கூடாது, பாவம், அவள் தூங்க வேண்டாமா. வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிற ஊர்களுக்கெல்லாம் உள்ள வழக்கம் இது. யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. தூரம் இல்லாமல் போன பிறகும் வழக்கம் போகவில்லை, அது எங்கள் நாக்கில் இருந்தது.

பிலோமியும் அந்த வழக்கத்துக்கு உட்பட்டவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பாலையாவின் ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள், அவன் ஆட்டோவில்தான் குலுங்காமல் திரும்பி வந்தாள். அந்த மாதம் சவரி கூப்பிட்டபோதெல்லாம் ஜைனு பாய், "பிலோமியம்மா வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்காங்க, வேண்டுதலாம்" என்று சொல்லிச் சமாளித்தார். எனக்காகவா வேண்டிக்கிட்டா என்று சவரி மறுமுனையில் கேட்டாராம். ஆமா என்றாராம் பாய்.

இன்னொன்றும் இருந்தது, அதைப் பாலையாதான் எங்களிடம் சொன்னான். தூரம் குறைவதற்கு முன்னால், ஒருமுறை தன் மச்சினனைக் கொண்டுபோய்விட அவனும் விமானத்தில் போயிருந்தான். குவைத்தில் பெட்டிகள் வருகிற இடத்தில், யாருடைய பெட்டியையோ வண்டியில் ஏற்றிவைத்த சவரி, அதிலிருந்த மஞ்சள் கயிற்றின் சுட்ட நுனியைத் தேடிப் பிடித்து, அதிலிருந்த விரல் பதிவின்மேல் தன் பெருவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாராம். பெட்டிக்குச் சொந்தக்காரன், "என்ன அண்ணே, பிரிஞ்சிருக்கா?" என்றதற்கு, "இல்ல தம்பி, இது பிரியாது" என்றாராம். தினமும் அங்கே வந்து இறங்கிய அத்தனை பெட்டிகளிலும் பிலோமி இருந்தாள். அழுத்தம் குறைந்திருந்தால் அவளுக்குக் கை வலி என்று அவருக்குத் தெரியும், ஒரு மாதம் வேறு யாரோ கட்டிய பெட்டிகள் வந்தபோது வேளாங்கண்ணி என்று தெரிந்துகொண்டார். அவள் என்னவோ வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமைதான் அவர் தன்னை நினைக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். குவைத் பக்கத்தில் வந்ததும் பெட்டிகள் நின்றன, பெட்டிகள் நின்றதும் சவரிக்கு அவள் அடியோடு இல்லாமல் போனாள். தூரம் இருந்தபோது தினம் தொட்டுக்கொண்டிருந்தவர்கள், தூரம் போனதும் தொடாமல் ஆனார்கள். அத்தனை பேர் போகவர இருந்த அந்த வழியில், இதை இருவரிடமும் சொல்ல ஓர் ஆள் இல்லை.

வைகாசியும் ஆனியும் போயின. தகவல் மட்டும் போய்வந்துகொண்டிருந்தது.

"அக்கா, சவரி அண்ணன் நல்லா இருக்கேன்னு சொல்லச் சொன்னாரு" என்பான் பாலையா.

"நானும் நல்லா இருக்கேன்னு சொல்லுடா. அவசரம் ஒண்ணுமில்ல, வேலையப் பாத்துக்கிட்டு மெதுவா வரச் சொல்லு."

அவன் போய் அதைச் சொல்வான். அங்கே சவரி தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் தடவிக்கொண்டு, "அதான் அவசரமில்லன்னுட்டாளே" என்பார். "நானும் அவசரமில்லன்னு சொன்னேன்னு சொல்லிரு."

ஆடி மாதம் முதல் வெள்ளிக்கிழமை, நண்பகலில், பிலோமி கடையை மூடினாள். பெரிய பூப்போட்ட சேலை கட்டி, கையில் ஒன்றும் இல்லாமல் வேப்பமரத்தடிக்கு வந்து நின்றாள். எங்களுக்குப் பேச்சு நின்றுவிட்டது, தலைக்கு மேலே விமானம் எதுவும் போகவில்லை.

"எங்கம்மா போறீங்க?" என்றார் நம் மேஜைக்காரர்.

"சும்மா, பாத்துட்டு வந்துர்றேன்."

இரண்டு முத்திரையும் விழுந்தன. பாலையா கூடவே நடந்தான். வழிகாட்டுவதற்கு என்று சொன்னான், ஆனால் அது ஒரே நேர்வழி. அந்தப் பக்கத்து வெயில் வேறு மாதிரி வெயில், முகத்தில் அடிக்காமல் மேலேறி உட்கார்ந்துகொள்கிற வெயில். விமான நிலையக் கூடத்துக்கு வெளியே பாலையா நின்றுகொண்டான். ஆபீஸ் எங்கே என்று விசாரிக்கலாம் என்றுதான் பிலோமி உள்ளே போனாள். விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. உயரமான ஒரு கண்ணாடிச் சுவருக்கு முன்னால், தள்ளுவண்டிகளின் நீண்ட வரிசை ஒன்று நின்றுகொண்டிருந்தது, அதன் கடைசியில் கைப்பிடியைப் பிடித்தபடி, நீலச் சீருடையில், ஒரு முதுகு.

முகத்தை மறந்தாலும் அந்த முதுகை அவள் மறக்கமாட்டாள், ஒவ்வொரு லீவு முடிவிலும் வாசல் கம்பிக்கு வெளியே நின்று அவள் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். எலும்பு எழும்பியிருந்தது. சட்டையின் தோள்பட்டையில் துணி நைந்து வெளுத்திருந்தது. அவர் வண்டியைத் தள்ளாமல் நின்றார். யாரோ தூரத்திலிருந்து அரபியில் அதட்டினார்கள், அப்போதும் தள்ளவில்லை, திரும்பவும் இல்லை, கண்ணாடியைப் பார்த்தபடி அப்படியே நின்றார். எவ்வளவு அலுத்திருந்தால் இப்படி நிற்பார் என்று பிலோமி நினைத்தாள். என்னங்க என்று அவள் வாய் வரை வந்தது. கூப்பிட்டால் திரும்புவார், திரும்பினால் இந்த உடுப்போடு என் முன்னால் நிற்க வேண்டும், நின்றது நின்றதுதான், அதற்கப்புறம் ஆயுசுக்கும் அவர் கோயில் வாசலில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்க முடியாது. வேண்டாம். தானாக வரட்டும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரட்டும். எனக்கு ஒன்றும் தெரியாது என்று இருந்துகொள்கிறேன்.

வந்த வழியே வெளியே வந்தாள்.

"பாத்தியாக்கா?" என்றான் பாலையா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"இன்னிக்கு லீவாம்டா. ஆபீஸ் பூட்டிக் கெடக்கு."

"ஆமா, வெள்ளிக்கிழமைல்ல" என்றான் அவன்.

திரும்பி வரும்போது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள், அதுவும் தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி: "வழி கொஞ்சம் நீண்டு போச்சோ?"

நீண்டுதான் போயிருந்தது. மறுநாள் காலையில் வேப்பமரத்தடியில் இரண்டு மேஜைகளுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடைவெளி இருந்தது. மேஜைக்காரர்கள் மைப்பெட்டியை நீட்டி வாங்கினார்கள். அதற்கடுத்த நாள் அதைப் பந்து மாதிரித் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள், அதற்கும் அடுத்த நாள் எங்களுக்கு ஒரு மைப்பெட்டி தனியாக வேண்டும் என்று அந்தப் பக்கத்துக்காரர் கையை வாய்க்குக் குவித்துக் கத்திக் கேட்டார். ஜனங்கள் சைக்கிளில் போனார்கள், பிறகு ஆட்டோவில் போனார்கள், பாலையா அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. அவரவர் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. இருதயராஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, புளிக் கணக்கு பேசிய சிந்தாமணி தெருமுனை வரை ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்தச் சட்டையின் மறுபக்கத்தைப் பிலோமி பிடித்தாள்.

"தம்பி, அவர வரச் சொல்லுங்க. நான் வரச் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்க்கா. கண்டிப்பா சொல்றேன்."

அவன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டான். பாலையா வண்டியைக் கிளப்பிவிட்டான். அப்போது பிலோமி, இத்தனை வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் சொல்லிச் சொல்லி நாக்கு தானாகப் போகிற தடத்தில், வண்டிக்குப் பின்னாலேயே குரல் கொடுத்தாள்: "அவசரம் ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க!"

இருதயராஜ் நல்லவன். இரண்டையும் சொன்னான். வரச் சொன்னாங்க, அவசரம் ஒண்ணுமில்லன்னும் சொன்னாங்க. சவரி வண்டி வரிசையைப் பிடித்தபடி யோசித்துவிட்டு, "சரி, அடுத்த வெள்ளிக்கிழம வர்றேன்னு சொல்லு" என்றார். அதைக் கொண்டுவந்து சொல்ல அதற்கப்புறம் ஆட்டோ போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை விமானம் மேலே ஏறியது, மிட்டாய் கொடுத்தார்கள்.

பழைய தூரம் வந்ததும் நின்றுவிடும் என்றுதான் நினைத்தோம். அதற்கான ஏற்பாடுகளைக்கூடச் செய்தோம். வேன்காரர்கள் வேனைக் கழுவினார்கள், ஜனங்கள் கம்பிக்கு வெளியே நின்று அழுது பழகினார்கள். ஐந்து மணி நேரம் வந்தது, நிற்காமல் தாண்டிப் போனது. சோற்றுத் தட்டுக்குப் பிறகு இன்னொரு சோற்றுத் தட்டு கொடுத்தார்கள், அப்புறம் மூன்று வேளையும் கொடுத்தார்கள், அப்புறம் விமானத்துக்குள்ளேயே உலை வைத்தார்கள். தேதி கிழிக்கிற காலண்டர் ஒன்றை விமானி அறைக் கதவில் மாட்டினார்கள். இடுப்புப் பட்டை போடக் காட்டிய பெண் வழியிலேயே ஒரு பயணியைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று கேள்விப்பட்டோம். கிளம்பும்போது கைக்குழந்தையாக இருந்தது இறங்கும்போது தானாக நடந்து இறங்கியது. செம்பட்டு அதற்கும் பழகியது. மாப்பிள்ளை பார்க்கிறவர்கள், பையன் எங்கே இருக்கிறான் என்று கேட்டால், வந்துகொண்டிருக்கிறான் என்ற பதிலையும் ஓர் ஊர்ப்பெயராக ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் குரலும் தாமதமானது. ஜைனு பாய் கடையில் ஒருவர் பேசி முடித்து, மறுமுனையில் இருப்பவர் அதைக் கேட்டு, அவர் பேசியது திரும்பி வருவதற்கு முதலில் ஒரு மூச்சு விடுகிற நேரம் ஆனது, பிறகு ஒரு டீ குடிக்கிற நேரம், பிறகு வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வருகிற நேரம். கேள்வி கேட்டுவிட்டுப் போய் மறுவாரம் வந்து பதில் வாங்கிக்கொண்டார்கள். வெட்டியாக எதையும் கேட்க முடியாது என்று ஆனது. நல்லா இருக்கியா என்று கேட்டு, நல்லா இருக்கேன் என்று பதில் வருவதற்குள் நல்லா இல்லாமல் போய்விட நேரம் இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு பகல் பொழுது பிலோமி பாயின் கடைக்கு வந்தாள். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள், அவளுக்குக் கேட்க ஏதோ இருக்கிறது என்று அவர்களே விலகினார்கள். எண்ணைச் சுழற்றி, நெடுநேரம் இரைச்சலைக் கேட்டு, மறுமுனை எடுக்கப்பட்ட அந்தச் சின்னச் சத்தம் வந்ததும், நல்லா இருக்கேன் என்று ஆரம்பிக்காமல், நேராகக் கேட்டாள்:

"அன்னிக்கு நான் வந்தேன். கண்ணாடிக்கிட்ட நின்னீங்க. என்னப் பாத்தீங்களா, பாக்கலயா?"

கேட்டுவிட்டு ரிசீவரை வைக்காமல் நின்றாள்.

"பிலோமியம்மா, பதிலு வர நாளாகும். வீட்டுக்குப் போயிட்டு வாங்க, வந்தா ஆள் அனுப்புறேன்" என்றார் ஜைனு பாய்.

"இல்ல பாய். நான் நிக்கிறேன்."

பாய் ஒரு முக்காலி கொடுத்தார். ஓடிக்கொண்டிருந்த மீட்டரின்மேல் தன் துண்டை எடுத்துப் போட்டார், அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. மற்றவர்கள் பேச இன்னொரு தொலைபேசி வாங்கி வைத்தார். சிந்தாமணி சோறு கொண்டுவந்தாள், பிலோமி தூங்கும்போது எங்களில் யாராவது ஒருவர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம், உள்ளே காற்று ஊதுகிற சத்தம், எங்கேயோ மணல் சரிகிற சத்தம். மார்கழிக்குக் கோலம் போடுகிறவர்கள் அந்தக் கடை வாசலையும் சேர்த்துப் போட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு யாரோ ஒரு நட்சத்திரம் கட்டிவிட்டார்கள். காகிதம் கிழிந்து அந்த நட்சத்திரத்தின் குச்சிகள் தெரிய ஆரம்பித்த பிறகு, ஒரு காலை நேரம், இரைச்சல் சட்டென்று அடங்கியது. பிலோமி எங்களைப் பார்த்தாள். கடையில் இருந்த எல்லோருக்கும் அந்தக் குரல் கேட்டது, அவ்வளவு அமைதி.

"பாத்தேன் பிலோமி. கண்ணாடியில பாத்தேன். பூப்போட்ட சேல. நீ கூப்பிடுவேன்னுதான் திரும்பாம நின்னேன். நானா திரும்ப எனக்குத் தைரியம் இல்ல. நீ ஒரு தடவ கூப்பிட்டிருந்தா, வண்டிய அப்படியே விட்டுட்டு வந்திருப்பேன்."

அவ்வளவுதான். மறுபடி இரைச்சல்.

பிலோமி ரிசீவரை மார்போடு வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சிந்தாமணி அவள் தோளைத் தொடப் போனாள், பாய் கண்ணைக் காட்டித் தடுத்தார். வெளியே ஒரு பஸ் நின்று, ஆள் இறக்கி, போனது.

பிறகு பிலோமி முக்காலியை விட்டு எழுந்து, தொண்டையைச் செருமி, சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள். ரிசீவரைக் காதில் வைக்கவில்லை, இரண்டு கையாலும் வாய்க்கு நேராகப் பிடித்து, தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற சத்தத்தில் கூப்பிட்டாள்.

"என்னங்க!"

பாயின் கடைக் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"திரும்புங்க. நான்தான். அந்த உடுப்போடயே வாங்க. மாத்த வேண்டாம், எத்தன நாளானாலும் பரவால்ல, அவசரமா வாங்க."

சொல்லி முடித்து அவள் மறுபடி முக்காலியில் உட்கார்ந்தாள். நாங்கள் ஒருவர் பின் ஒருவராகக் கடையை விட்டு வெளியே வந்தோம். சாலைக்கு மேலே, சுவருக்கு மேலே, ஓடுபாதையைத் தாண்டி வடமேற்கே, தொலைபேசிக் கம்பி போகிற திக்கில் வானம் காலியாக இருந்தது. ஒரு சொல் போவதைக் கண்ணால் பார்க்க முடியாது என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று பார்த்தபடி நின்றோம்.